கப்பல்துறையில் கைமாறியது

வைநிலோவா, மோவாலா தீவு, ஃபிஜி
20 டிசம்பர் 1995

அன்புள்ள லோசலினி அக்காவுக்கும் ஏமோசி அத்தானுக்கும்,

தோரிகா எழுதுகிறேன். லீவுக்குக் கிளம்பிய நானும் கெலெராவும் பத்திரமாகக் கரை சேர்ந்தோம். உங்கள் இருவரின் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று ஞாயிறு ஆலயத்தில் வேண்டிக்கொண்டேன்.

கடல் முதல் ராத்திரி முரண்டு பிடித்தது. கெலெரா என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். விடிந்ததும் கப்பல் சமையல்காரனிடம் போய், "எனக்கு வயிறு காலியா இருக்கு, ஏதாவது போடுங்க" என்று அதட்டியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே பிஸ்கட் கொடுத்தான். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

அவளைப் பார்க்க ஊரே வந்தது. மரவள்ளியைக் கரண்டியால் நறுக்கித் தின்னும் பிள்ளையை இங்கே யாரும் பார்த்ததில்லை. "மகாராணி வந்திருக்காங்கடா, தட்டு கொண்டாங்க" என்று கேலி செய்கிறார்கள். இரண்டே நாளில் கரண்டி போய்விட்டது.

எங்களை அழைத்துப்போகச் சுவாவுக்கு வந்திருந்த அபாகூகி அண்ணன் அத்தானைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். கப்பல்துறையில் கிரேன் வேலையை நிறுத்தி இறங்கிவந்து, அண்ணன் கேட்டதை இரண்டு கையாலும் ஏற்றுக்கொண்டாராம். "பட்டணத்துலயே கெடந்தாலும் மனுஷன் மாறல" என்கிறார். ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

புத்தாண்டுக்குப் பிறகு வரும் கப்பலைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். உங்கள் முதுகுவலிக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

தங்கை,
தோரிகா


ரைவாங்கா, சுவா
4 ஜனவரி 1996

அன்புத் தங்கை தோரிகாவுக்கு,

கடிதமும் எண்ணெயும் வந்தன. நாங்கள் இருவரும் சுகம். முதுகு மட்டும் முதுகாக இல்லை. நீ, அண்ணன், வீட்டிலுள்ள எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் ஒரு நாள் விட்டார்கள். மறுநாளே தையல் ஆலை. ஆஸ்திரேலியாவுக்குப் பள்ளிச் சட்டை போகிறது. அங்கேயும் பள்ளி திறக்கிறதாம், அவர்கள் பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சட்டை வேண்டுமாம். லீவு கேட்ட ஒருத்தியிடம் மேனேஜர், "தாராளமா போ. உன் மெஷினுக்கு வாசல்ல ஆள் நிக்குது, போறப்ப பாத்துட்டுப் போ" என்றான். அவள் போகவில்லை.

கெலெராவின் சீருடையை நானே தைத்துவிட்டேன். மாதக் கடைசியில் பள்ளி. பதினைந்தாம் தேதிக்குப் பிறகு வரும் கப்பலைத் தவறவிடாதே. பச்சைச் சிப்பி கொடுக்காதே. ராத்திரி இங்கிலீஷ் புத்தகத்தை வாசிக்கச் சொல். அங்கே எல்லோரும் கொஞ்சிக் கெடுப்பார்கள், நீ இடம் கொடுக்காதே.

கப்பல்துறையில் அப்படி என்ன பெரிய மனசு காட்டினீர்கள் என்று ஏமோசியிடம் கேட்டேன். "உங்க அண்ணன் ஏதோ நாலு வார்த்தை நல்லதா பேசினாரு, நானும் கை தட்டி வச்சேன்" என்றார். இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பு சில்லென்று இருக்கிறது. ஒரு கை உதவிக்கு ஆளில்லை. நேற்றும் ரொட்டியும் டின் மீனும்தான். சீக்கிரம் வந்து சேருங்கள். அண்ணனுக்கு என் வணக்கம்.

லோசலினி


வைநிலோவா
19 ஜனவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நோய்நொடியின்றி இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் சுகம். கடிதம் மட்டும் வருகிறதே, ஆளைக் காணோமே என்று நினைப்பீர்கள்.

கெலெராவுக்கு இருமல் இருந்தது. இப்போது இல்லை. ஆனாலும் கடல் சரியில்லை. கப்பலும் பழசு. இந்த முறை வேண்டாம் என்று அண்ணன் சொன்னார்.

அவள் நன்றாக இருக்கிறாள். நீச்சல் வந்துவிட்டது. அண்ணனின் தொப்பையைத் தட்டி, "மாமா, உள்ள எத்தன பாப்பா?" என்று கேட்கிறாள். "ரெண்டு. ஒண்ணு உன்ன மாதிரி வாயாடி, அதான் தூங்கவே விட மாட்டேங்குது" என்கிறார் அவர். சாயங்காலமானால் இதே கூத்து.

வீட்டில் சும்மா இருப்பானேன் என்று இங்குள்ள பள்ளியில் உட்கார வைத்திருக்கிறோம். வாத்தியார் பதிவேட்டிலும் பெயரை எழுதிவிட்டார். எழுதினால்தான் பென்சில் கொடுப்பார்களாம்.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோரிகா


ரைவாங்கா
2 பிப்ரவரி 1996

தோரிகாவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நீயே எழுதிவிட்டாய். நான் சுகமாக இல்லை.

கப்பல் வந்த அன்று அரைநாள் சம்பளத்தை விட்டுக் கப்பல்துறைக்குப் போனேன். சீருடையைப் பையில் கொண்டு போயிருந்தேன், அளவு பார்க்க. கொப்பரை மூட்டை இறங்கியது, பன்றி இறங்கியது, கடைசி ஆள் வரை இறங்கினார்கள். சரக்குக் கணக்கர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "வேற யாரும் இல்லம்மா" என்றார். கப்பலுக்குள்ளேயே ஏறிப் பார்த்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இருமல் இல்லை என்கிறாய், ஆனாலும் வரவில்லை. கடல் சரியில்லை என்கிறாய், அதே கடலில்தான் அந்தப் பன்றிகள் வந்தன. உன் பேச்சு எனக்குப் புரியவில்லை.

பள்ளி திறந்துவிட்டது. ஒரு மாதம் வரை இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

இன்னொன்று. உன் இரண்டு கடிதத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் என்னைக் கேட்டாளா என்று ஒரு வரி இல்லை. கேட்கவில்லையா, நீ எழுதவில்லையா?

அடுத்த கப்பலில் நீங்கள் இல்லையென்றால் வானொலியில் செய்தி கொடுப்பேன். தீவு தீவாகக் கேட்கட்டும். அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு.

லோசலினி


ரைவாங்கா
16 பிப்ரவரி 1996

தோரிகா,

வணக்கம் சொல்லத் தோன்றவில்லை. நீயும் கடிதம் எழுதவில்லை. அதற்குப் பதில் பாய்கள் வந்தன.

கட்டுக்கட்டாகப் பாய், கம்பளி நூல் குஞ்சம் வைத்தது. சாமை மூட்டை வேறு. ஏமோசி டாக்சியில் போட்டுக் கொண்டுவந்து, "உங்க ஊர்க்காரங்களுக்கு என்ன பாசம் பாரு" என்று கூடத்தில் விரித்தார். அந்த நேரம் பார்த்து லாமியிலிருந்து அவருடைய பெரியப்பா வந்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தவர் உட்காரவில்லை.

"டேய், எதுக்கு வந்துச்சு இது?"

"சும்மாதான் பெரியப்பா. தோரிகாவ இத்தன வருஷம் வீட்ல வச்சுக்கிட்டதுக்கு நன்றி."

"நன்றிக்கு வர்ற பாயாடா இது? புள்ளையக் குடுத்ததுக்கு வர்ற பாய். அன்னிக்குக் கப்பல்ல அவன் உங்கிட்ட என்ன குடுத்தான்?"

ஏமோசி போய்ச் சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்தார். அடியில் துண்டில் சுற்றித் திமிங்கலப் பல். டிசம்பரிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது. எனக்குக் காட்டவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"கிரேன்ல பெட்டி தொங்குது, ஃபோர்மேன் கத்துறான், கப்பல் வேற ஊதுது. அவரு பழைய பாஷைல என்னமோ சொன்னாரு பெரியப்பா. போயிட்டு வர்றேன்னுதான் சொல்றாருன்னு நெனச்சேன்."

"காதுல விழலன்னா திரும்பக் கேக்கணும்! பல்லக் கையில வாங்கிட்டா, அவன் கேட்டதக் குடுத்துட்டேன்னு அர்த்தம். இது தெரியாம நீயெல்லாம் ஒரு ஃபிஜிக்காரன், கல்யாணம் வேற பண்ணிக்கிட்ட. அவன் புள்ளையக் கேட்டிருக்கான். நீ கை தட்டியிருக்க."

ஏமோசி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஆலையில் எப்படியோ தெரிந்துவிட்டது. "என்னடி லோசா, புள்ளையப் பல்லுக்குப் போட்டுட்டியாமே, எத்தன கேரட்?" என்று ஒருத்தி கேட்டாள். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். இது அண்ணனுடைய யோசனையா? உனக்குத் தெரியுமா, தெரியாதா?

லோசலினி


வைநிலோவா
1 மார்ச் 1996

லோசலினி அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பது வழக்கம் என்பதால் விசாரிக்கிறேன். கெலெரா சுகம்.

அண்ணனுடைய யோசனை இல்லை. நான்தான் கேட்கச் சொன்னேன். முறைப்படி கேட்டோம், பகலில், நாலு பேர் பார்க்க. அத்தான் காதில் விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அக்டோபரில் கெலெராவுக்கு இடம் கேட்டு அந்தப் பள்ளிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? தலைமையாசிரியை கெலெராவிடம் பெயர் கேட்டாள். உங்களை உட்காரச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, இது யார் என்றாள். கெலெராவின் கை என் கையில் இருந்தது. நீங்கள் இங்கிலீஷில் சொன்னீர்கள்: "எங்க வீட்டு வேலைக்காரி." எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும் அக்கா.

உங்கள் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். உங்கள் பிள்ளை எனக்கும் பிள்ளை. நான் அவளுக்குச் சின்னம்மா. நம் ஜனங்களிடம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்த அறையில் ஒரே வார்த்தையில் அது இல்லாமல் போயிற்று. மறுநாள் மார்க்கெட்டில் கிழங்கு விற்கிறவள் கெலெராவிடம், "இது உங்க அம்மாவா பாப்பா?" என்று கேட்டாள். கெலெரா எப்போதும் "சின்னம்மா" என்பாள். அன்றைக்கு, "இல்ல, எங்க வேலைக்காரி" என்றாள். பெருமையாகச் சொன்னாள். புது வார்த்தை கற்றுக்கொண்டாள் அல்லவா.

பிள்ளை நடக்கிற வரைக்கும் இரு என்று கூப்பிட்டீர்கள். அவள் நடந்தாள், ஓடினாள், பல் விழுந்து முளைத்தது. என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தினமும் பார்க்கிறேன். வேலைக்காரி என்றால் சம்பளம் கொடுத்திருக்கவேண்டும். சொந்தம் என்றால் சொந்தம் என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தீர்கள்.

அவள் உங்களைக் கேட்டாளா என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதானே நீங்கள் இருப்பீர்கள்.

தோரிகா


ரைவாங்கா
15 மார்ச் 1996

தோரிகா,

நீ சொன்னது நடந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்து பார். எனக்கு முன்னால் போனவள் 'தங்கை' என்றுதான் சொன்னாள். "ஊர்ல இருந்து வந்தவங்க மொத்தம் எத்தன பேர் உங்க வீட்ல?" என்று அந்த அம்மாள் கேட்டாள். அவள் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கூடக் கிடந்தால் அவர்களுக்கு அது சேரி. வேலைக்காரி இருந்தால் நல்ல குடும்பம். நான் அந்தச் சட்டத்தைப் போடவில்லை.

கெலெரா பிறந்து கொஞ்ச நாளிலேயே மெஷினில் உட்கார்ந்தேன். அவள் பசியில் அழும் நேரம் எனக்கு அங்கே சட்டை நனையும். கழிவறைத் தொட்டியில் பிழிந்து ஊற்றிவிட்டு வந்து காலர் தைத்தேன். "என்ன, பாத்ரூம்லயே குடியிருக்கியா?" என்று வரிசைக்கே கேட்கும்படி கேட்டார்கள். என் பால் சாக்கடையில் போயிற்று. அவள் உன் கையில் புட்டி குடித்தாள். இதில் யார் யாரிடம் திருடியது? நீயே சொல்.

முறை, முறை என்கிறாய். பெரியப்பாவும் முறைதான் சொல்கிறார். நானும் ஏமோசியும் பல்லோடு இன்னொரு பல்லும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து, அண்ணன் முன்னால் உட்கார்ந்து கேட்கவேண்டுமாம். அடுத்த கப்பல் வரும்வரை அங்கேயே இருக்கவேண்டும். யார் லீவு கொடுப்பார்கள்? முறை என்பது வேலைக்குப் போகாதவர்களுக்குத்தான்.

அதனால் வானொலி நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவன் நான் எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, "இதையா அனுப்பணும்? நல்லா யோசிச்சீங்களா அக்கா?" என்றான். அனுப்பு என்றேன். இந்தக் கடிதம் வருமுன் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அவளைக் கொண்டு வா.

லோசலினி


வைநிலோவா
30 மார்ச் 1996

அக்கா,

கேட்டோம்.

அண்ணன் வீட்டில் ஆண்கள் கவா பானம் கலக்கி உட்கார்ந்திருந்தார்கள். வானொலியில் சாவுச் செய்தி எல்லாம் முடிந்தது. பிறகு, "வைநிலோவா தோரிகாவுக்கு. என் மகள் கெலெராவை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பு. அம்மா லோசலினி." நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். கிண்ணம் யார் கையில் இருந்ததோ அவர் குடிக்கவில்லை.

கெலெரா என் பக்கத்தில் இருந்தாள். "அம்மா பேரு சொல்றாங்க! அம்மா ரேடியோவுல வேலைக்குச் சேந்துட்டாங்களா, சின்னம்மா?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கூட்டம். கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார் அண்ணன். அவளைத் திருப்பி அனுப்பினால் தீவில் தலைகாட்ட முடியாதாம். இன்னொரு பங்காளி, பாய் எல்லாம் திரும்ப வருமா என்று கேட்கிறான். பேசிய ஒருத்தனும் அவளுக்கு மூக்குச் சிந்திவிட்டவன் இல்லை. பள்ளியில் பிள்ளைகள் அவளை 'பல்லுப் பிள்ளை' என்று கூப்பிடுகிறார்கள். முந்தாநாள், "சின்னம்மா, என்னை யாராவது வாங்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

நான் இதற்காக அவளைக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை முன்னால் போகும் மீன்பிடிப் படகில் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த கப்பலில் நாங்கள் வருகிறோம். உங்கள் செய்திக்குப் பயந்து வரவில்லை. அண்ணன் இனி என்னோடு பேசமாட்டார். கப்பல்துறையில் அவளை உங்கள் கையில் கொடுப்பேன். உங்கள் கையில், அக்கா. அத்தான் கையில் இல்லை. வீட்டுக்கு வரமாட்டேன், அதே கப்பலில் திரும்பிவிடுவேன்.

தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள். முதுகில் கை வைத்தால் போதும், தானே படுத்துக்கொள்வாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவளே ஒரு பதில் வைத்துக்கொள்கிறாள்.

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். உண்மையாகவே சொல்கிறேன்.

தோரிகா


ரைவாங்கா
28 ஏப்ரல் 1996, ஞாயிறு

தோரிகா,

நீ எப்படி இருக்கிறாய்? அண்ணன் பேசுகிறாரா? பாய்களைக் கட்டி இந்தக் கப்பலிலேயே அனுப்பியிருக்கிறேன். பல்லைப் பெரியப்பா கொண்டுவருகிறார், தனியாக. ஆறேழு பேரோடு வரவேண்டிய காரியம். அவருக்கு வெட்கம்தான்.

கப்பல் வந்த அன்று நான் ஏன் இல்லை என்று நீ நினைத்திருப்பாய். மேனேஜரிடம் லீவு கேட்டேன். "போன தடவையும் கப்பல், இந்தத் தடவையும் கப்பலா? மாலுமிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கியா?" என்றான். கதவைப் பூட்டிவிட்டார்கள், சரக்கு அனுப்பும் நாளில் எப்போதும் பூட்டுவார்கள். கப்பல் ஊதியது ஆலைக்குள் கேட்டது. நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

மழையில் சாயங்காலம் வரை நீ அவள் கையை விடாமல் நின்றாய் என்று ஏமோசி சொன்னார். கடைசியில் கயிறு அவிழ்க்கும்போதுதான் அவரிடம் கொடுத்தாயாம்.

அந்தப் பள்ளியில் இடம் போய்விட்டது. பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன், சாதாரணப் பள்ளி. மதியம் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் கீழ்வீட்டு ராம்கலி பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் மகளுக்குப் பிரசவம். ஏமோசியின் அக்கா மகள் வந்தாள். கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆலயத்திலிருந்து ஒரு அம்மாள் இரண்டு நாள் வந்தார். வேறு நாட்களில் ஏமோசி இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்குவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வெளியே போய்விடக்கூடாதென்று நாங்களும் கதவைப் பூட்டிவிடுகிறோம்.

அவள் அழுவதில்லை. உன்னைக் கேட்பதில்லை. என்னையும் கேட்பதில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது எழுந்து, வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்பாள்:

"இன்னிக்கு யாரு?"

பதில் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன். ராம்கலி அத்தை. அப்பா. ஆலயத்து அம்மா. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் பையை எடுப்பாள். எந்த வீட்டுக்குப் போவதென்றாலும் எடுத்துக்கொள்ளும் பை. மாற்றுத் துணியும் தட்டும் அதற்குள் இருக்கும்.

இன்றைக்கு ஆலை இல்லை. வேண்டுமென்றே படுத்திருந்தேன். வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாரு?"

"நான்தான்டி, கண்ணு. நாள் பூரா நான்தான்."

"சும்மா சொல்லாதீங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே உட்கார்ந்தாள். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறாள், செருப்பையும் மாட்டிக்கொண்டு.

லோசலினி